சேலத்து மொட்டை மாடிக்கு எந்த சென்சார்?

எங்கள் அம்மாபேட்டைத் தெருவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி இருக்கிறான். போன வாரம் டீக்கடை வாசலில் பிடித்துக் கேட்டான்: “அண்ணா, டெலஸ்கோப்புல மாட்டி வானத்தைப் படம் எடுக்கற கேமராவுக்குக் காசு சேர்ந்துடுச்சு. 533 எடுக்கட்டா, கொஞ்சம் கடன் வாங்கி 571-க்குப் போயிடட்டா, இல்ல 585 போதுமா?” நின்றபடியே ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் மனசு கேட்கவில்லை. பெரிய தொகை, ஒரு தடவை வாங்கினால் ஆறேழு வருஷம் அதோடுதான் இரவுகள் கழியும். அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன், அவனுக்கும் இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும்.

அந்த எண்களெல்லாம் சோனி தயாரிக்கும் சென்சார்களின் பெயர்கள்: ஐஎம்எக்ஸ் 533, ஐஎம்எக்ஸ் 571, ஐஎம்எக்ஸ் 585. வான் ஒளிப்படக் கேமரா விற்கும் நிறுவனங்கள் பலவும் இதே சென்சாரை வாங்கித் தங்கள் பெட்டிக்குள் வைத்துத்தான் விற்கின்றன. ஆகவே முதலில் சென்சாரை முடிவு செய்ய வேண்டும். எந்தப் பெட்டி என்பதை, கெட்டுப்போனால் யார் பார்த்துக் கொடுப்பார்கள், எவ்வளவு நாளில் கையில் கிடைக்கும் என்பதை வைத்து அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 571 என்பது பல டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு, 23.5-க்கு 15.7 மில்லிமீட்டர், 26 மெகாபிக்சல், ஒரு பிக்சல் 3.76 மைக்ரான். 533-இலும் அதே 3.76 மைக்ரான் பிக்சல்தான், ஆனால் சென்சார் சதுரம்: பக்கத்துக்கு 11.3 மில்லிமீட்டர், 9 மெகாபிக்சல். ஒரே துணியில் வெட்டிய பெரிய சட்டையும் சின்னச் சட்டையும் மாதிரி. 585 வேறு வகை, 2.9 மைக்ரான் பிக்சல், 11-க்கு 6 மில்லிமீட்டர் சுமார், 4கே டிவி மாதிரி நீளவாக்கில் இருக்கும். விலையும் இதே வரிசைதான், 571 உச்சத்தில், 585 அடியில்.

தம்பியிடம் இருப்பது முன்கண்ணாடி 80 மில்லிமீட்டர் உள்ள ரிஃப்ராக்டர், அதாவது லென்ஸ் டெலஸ்கோப், குவியத் தூரம் 480 மில்லிமீட்டர். அதில் 571-ஐ மாட்டினால் வானத்தில் 2.8 டிகிரிக்கு 1.9 டிகிரி தெரியும். 533-இல் 1.35 டிகிரிச் சதுரம். 585-இல் 1.33-க்கு 0.75. முழு நிலா அரை டிகிரி என்று நினைவில் வைத்துக்கொண்டால் கணக்கு புரியும். இதைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: 571 வாங்கினால் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி முழுசாக வரும், 3 டிகிரி நீளம், மூலைவாட்டில் வைத்தால் சரியாக உட்கார்ந்துவிடும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒரு வருஷம் அந்த ஆசையிலேயே கழிந்தது.

ஆனால் நம்ம ஊர் நாட்காட்டியை எடுத்து வைத்துப் பாருங்கள். ஆண்ட்ரோமெடா உச்சிக்கு வருவது அக்டோபர், நவம்பர், டிசம்பர். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் நம் தலைமேல். வட அமெரிக்கா நெபுலா, அன்னப்பறவை மண்டலத்தில் இருக்கும் மற்ற பெரிய சிவப்பு மேகங்கள் எல்லாம் ஜூலை முதல் செப்டம்பர் வரை, அது தென்மேற்கு மழைக்காலம், சேலத்தில் சாயங்காலம் இடி மின்னலோடு இறங்கும் மழையும் அப்போது உண்டு. நமக்கு வானம் உண்மையாகவே திறப்பது பொங்கலிலிருந்து சித்திரை வரைக்கும்தான். அந்த நாலு மாதத்தில் தலைக்கு மேல் வருகிறவை எவை? ஓரியன் நெபுலா, சுற்றுப்புறத்தோடு ஒரு டிகிரிக்குச் சற்று மேல். குதிரைத்தலை நெபுலா, பக்கத்தில் இருக்கும் தீச்சுடர் நெபுலாவோடு சேர்த்தே ஒரு டிகிரி. ரோசெட் நெபுலா, 1.3 டிகிரி, 533-இன் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சிம்மத்தின் மூன்று கேலக்ஸிகள், கன்னியின் கேலக்ஸிக் கூட்டம், ஏப்ரலில் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கூட்டம். இவற்றில் முக்கால்வாசி 533-இன் சதுரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. மழை மாதத்துப் பொருளுக்காகப் பெரிய சென்சாருக்குக் காசு கொடுக்க வேண்டுமா என்று யோசித்தால், என் பதில் வேண்டாம் என்பதுதான்.

ஒரே ஒரு விதிவிலக்கு கரீனா நெபுலா. 2 டிகிரி அகலம், அதுவும் நம் நல்ல பருவத்தில், மார்ச் நள்ளிரவில் தெற்கே 18 டிகிரி உயரத்துக்கு வருகிறது. தில்லியில் இருப்பவர்களுக்கு அது தொடுவானத்தோடு ஒட்டிக்கிடக்கும், நமக்கு மரத்துக்கு மேலே வந்து நிற்கிறது. கரீனாவின் மேல் யாருக்காவது நிஜமாகவே பித்து இருந்தால் 571 வாங்குவதை நான் தடுக்க மாட்டேன். மற்றவர்கள் 533-இல் நாலு துண்டாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம், இரண்டு இரவு வேலை.

சதுரத்தில் இன்னொரு நிம்மதி உண்டு. நீள்சதுர சென்சார் என்றால் ஒவ்வொரு பொருளுக்கும் கேமராவை எந்தக் கோணத்தில் திருப்புவது என்று இருட்டில் திருகிக்கொண்டே இருக்க வேண்டும், திருகினால் ஃபோகஸ் அசையும், ஃபிளாட் ஃப்ரேம் (ஓர மங்கலையும் தூசி நிழலையும் சரிசெய்ய எடுக்கும் வெற்றுப் படம்) மறுபடி எடுக்க வேண்டும். 533-ஐ ஒரு தடவை மாட்டினால் அந்த சீசன் முழுக்கக் கழற்றாமல் விட்டுவிடலாம்.

பிக்சல் அளவைப் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. கணக்கு எளிது: பிக்சல் மைக்ரானை 206-ஆல் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை விகலை என்று வரும். விகலை என்றால் டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு. இந்த டெலஸ்கோப்பில் 3.76 மைக்ரானுக்கு 1.6 விகலை, 2.9 மைக்ரானுக்கு 1.25. பிக்சல் சிறியதாக இருந்தால் நுணுக்கம் கூடும் என்பது காற்று அசையாமல் இருந்தால்தான் சரி. பகலெல்லாம் வெயிலில் வெந்த கான்கிரீட் மாடிகள் இரவு பதினொரு மணிக்கும் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும் ஊரில், என் படங்களில் ஒரு நட்சத்திரம் 3 முதல் 4 விகலை அகலத்துக்குப் பரவித்தான் விழுகிறது. அந்தப் பரவலை 1.6-ஆல் அளந்தாலும் 1.25-ஆல் அளந்தாலும் கிடைக்கிற விவரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். 

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் ஒப்பீடுகளில் இது ஓர் ஓரமாக வந்து போகும், நமக்கு இதுதான் பாதிப் பிரச்சினை. 

நான் ஐந்து வருஷம் ஒரு பழைய டிஎஸ்எல்ஆரில்தான் எடுத்தேன். ஒரு மே மாதம், இரவு பத்தரை மணி, மாடித் தரையில் செருப்பில்லாமல் நின்றால் உள்ளங்கால் சுடுகிறது. லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு நாலு நிமிடம் எக்ஸ்போஷர் கொடுத்து ஒரு டார்க் ஃப்ரேம் எடுத்தேன். படக் கோப்பில் கேமராவின் வெப்பநிலை 38 டிகிரி என்று பதிவாகியிருந்தது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், முழு இருட்டாக இருக்க வேண்டிய படத்தில் சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் கோலப்பொடி சிந்தின மாதிரி ஆயிரக்கணக்கில் புள்ளிகள். அவற்றில் ஒன்றுகூட வானத்திலிருந்து வந்ததில்லை. சிலிக்கானின் சூடே எலக்ட்ரான்களைத் தள்ளிவிடுகிறது, அது வெளிச்சத்தால் வந்ததா சூட்டால் வந்ததா என்று பிக்சலுக்குத் தெரியாது. ஏறக்குறைய 6 டிகிரி கூடும்போதெல்லாம் இந்த இருட்டு மின்னோட்டம் இரண்டு மடங்காகும். அதே கேமரா ஜனவரியில் ஏற்காட்டில் 20 டிகிரியில் ஓடியபோது புள்ளிகள் எட்டில் ஒரு பங்காகக் குறைந்ததை நானே பார்த்தேன், கணக்கும் அதையேதான் சொல்கிறது. சென்சாரைச் சுழியம் டிகிரிக்கு இறக்கினால் 38 டிகிரியில் இருந்ததைவிட சுமார் 80 மடங்கு குறையும்.

கூலிங் உள்ள கேமராவில் சென்சாருக்குப் பின்னால் மின்சாரத்தால் குளிர்விக்கும் ஒரு பெல்டியர் தகடும் மின்விசிறியும் இருக்கும். பெரும்பாலானவை வெளிச் சூட்டைவிட 35 டிகிரி குறைவாக இறக்க முடியும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். குளிர்நாட்டில் அதை வைத்துக் கழித்தல் 20 வரை போகிறார்கள். நம் ஊரில் மே இரவு 28 டிகிரி என்றால் முழு மூச்சில் ஓடினாலும் கழித்தல் 7-தான் எல்லை, அதுவும் பெல்டியர் திணறிக்கொண்டு. அதனால் வருஷம் முழுக்கச் சுழியம் டிகிரி என்று ஒரே எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் புது சென்சார்களில் சுழியத்திலேயே இருட்டு மின்னோட்டம் அவ்வளவு குறைவு, அதற்கும் கீழே போவதில் நமக்குப் பெரிய லாபமில்லை. ஒரே வெப்பநிலை என்றால், வானத்துப் படத்திலிருந்து கழிப்பதற்கான டார்க் ஃப்ரேம்களை ஒரு தடவை எடுத்து வைத்து மாதக்கணக்கில் பயன்படுத்தலாம், டிஎஸ்எல்ஆரில் ஒவ்வொரு இரவும் அரை மணி நேரம் அதற்கே போய்விடும்.

இந்த இடத்தில் 585-ஐ நிறுத்திப் பார்க்க வேண்டும். அது கூலிங் இல்லாமலும் கிடைக்கிறது, கூலிங்கோடும் கிடைக்கிறது. கூலிங் இல்லாததை மலிவு என்று வாங்கி சேலத்து மாடியில் நெபுலா எடுக்கப் போனால் டிஎஸ்எல்ஆர் கதைதான் திரும்பவும் நடக்கும். கூலிங்கோடு வாங்கினால் விலை வித்தியாசம் குறைந்துவிடும், அப்போது 533 பக்கத்தில் வந்து நிற்கும். 

ஆனால் 585-க்கு நம் ஊரில் ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது, கிரகங்கள். சேலம் 11.7 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. கிரகங்கள் சூரியனின் பாதையை ஒட்டியே நகர்வதால் நமக்கு அவை உச்சிக்கு வரும்போது ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை, எந்த வருஷமாக இருந்தாலும். ஐரோப்பாவில் சில வருஷங்கள் சனிக்கிரகம் கூரையை உரசிக்கொண்டு போகும், அவ்வளவு தடித்த காற்றின் வழியே அவர்கள் பார்க்க வேண்டும். நமக்கு அது தலைக்கு மேல். இவ்வளவு நல்ல இடத்தில் இருந்துகொண்டு கிரகம் எடுக்காமல் இருப்பது எனக்கு எப்போதும் வருத்தமாகவே இருக்கும். கிரகத்துக்குக் கூலிங் வேண்டாம், ஒவ்வொரு ஃப்ரேமும் சில மில்லி விநாடிதான். சின்ன பிக்சலும் வேகமும்தான் முக்கியம், ஆயிரக்கணக்கில் ஃப்ரேம் எடுத்து நல்லதை மட்டும் பொறுக்கி அடுக்குவது முறை. 585 அதற்கென்றே செய்தது மாதிரி ஓடும். தம்பியின் 80 மில்லிமீட்டரில் குவியத் தூரத்தைக் கூட்டும் ஒரு 2 மடங்கு பார்லோ லென்ஸ் போட்டாலும் வியாழன் 80 பிக்சல் அகலத்துக்கு மேல் வராது, அதனால் அவனுக்கு இது இப்போதைக்குப் பொருந்தாது. வீட்டில் 6 அங்குலமோ 8 அங்குலமோ டெலஸ்கோப் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் 585 என்றே சொல்வேன்.

வானத்து வெளிச்சத்துக்கு வருவோம். சென்சார் விவரப் பட்டியலில் ரீட் நாய்ஸ் என்று ஓர் எண் இருக்கும், ஒவ்வொரு தடவை சென்சாரைப் படிக்கும்போதும் சேர்கிற இரைச்சல். 533, 571 இரண்டிலும் பல கேமராக்களில் கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 100 வைத்தால் அது 1.5 எலக்ட்ரான் அளவுக்கு இறங்கிவிடும், 585-இல் அதைவிடவும் குறைக்கலாம். இந்த எண்ணை வைத்து மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். அம்மாபேட்டை மாடியில் ஒரு நிமிட எக்ஸ்போஷரிலேயே, படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் மேடு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது, தெருவிளக்கு வெளிச்சம் தரும் இரைச்சல் ரீட் நாய்ஸை அப்படியே மூழ்கடித்துவிடும். ஆகவே நகரத்திலிருந்து எடுப்பவர்கள் அந்த எண்ணில் கால்புள்ளி அரைப்புள்ளி வித்தியாசம் பார்க்கத் தேவையே இல்லை. வெளிச்சத்தை எத்தனை படியாகப் பிரித்துப் பதிகிறது என்று சொல்லும் 12 பிட், 14 பிட், 16 பிட் என்பதும் அப்படித்தான், நூறு ஃப்ரேம் அடுக்கியபின் வித்தியாசம் கரைந்துவிடும். 585-இல் பிரகாசமான நட்சத்திரங்கள் சீக்கிரம் வெளுத்துப்போகும், அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நகர வெளிச்சத்துக்கு மருந்து ஃபில்டர். நெபுலா வாயு ஒளிரும் நிறங்களான ஹைட்ரஜன் ஆல்பா 656 நானோமீட்டர், ஆக்சிஜன் 501 நானோமீட்டர், இந்த இரண்டு ஜன்னலை மட்டும் திறந்துவிட்டு மீதியை அடைக்கும் இரட்டைப் பட்டை ஃபில்டர்கள் கிடைக்கின்றன. பழைய சோடியம் விளக்குகளின் வெளிச்சம் பெரும்பாலும் மஞ்சள் பக்கத்திலேயே இருந்தது, அதை வடிகட்டுவது எளிதாக இருந்தது. இப்போதைய வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் பரவுகிறது, அதனால் ஜன்னல் குறுகலாக இருந்தால்தான் பலன். சென்சார் தேர்வோடு இது எங்கே முட்டுகிறது என்றால், 533-க்கும் 585-க்கும் ஒன்றேகால் அங்குல ஃபில்டர் போதும். 571-இன் மூலைவிட்டம் 28 மில்லிமீட்டர், அதற்கு 2 அங்குல ஃபில்டர் வேண்டும், அது விலையில் நன்றாகவே ஏறும். விலை ஏறுவது அதோடு நிற்காது. பெரிய சென்சாரின் மூலைகளில் நட்சத்திரம் நீளாமல் இருக்க பிம்பத்தைத் தட்டையாக்கும் நல்ல ஃபிளாட்னர் லென்ஸ் வேண்டும், கேமராவைத் தாங்கும் ஃபோகசர் தொங்காமல் இருக்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சரிசெய்ய வேண்டும். 571-இன் ஒரு ஃப்ரேம் 52 எம்பி, 533-இன் ஒரு ஃப்ரேம் 18 எம்பி. இரண்டு நிமிட ஃப்ரேமாக மூன்று மணி நேரம் எடுத்தால் முதலாவது 4.7 ஜிபி, இரண்டாவது 1.6 ஜிபி. கல்லூரி லேப்டாப்பில் படங்களை அடுக்கும் சிரில் மென்பொருளை ஓடவிட்டு இரவு தூங்கப் போகிறவனுக்கு இது பெரிய வித்தியாசம்.

மோனோ, அதாவது கறுப்பு வெள்ளை சென்சார் வாங்கலாமா என்று அவன் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வண்ண சென்சாரில் நாலு பிக்சலில் ஒன்றுதான் சிவப்பு, ஹைட்ரஜன் ஆல்பா வெளிச்சத்தை அந்த ஒன்றுதான் உருப்படியாக வாங்கும். மோனோவில் நாலும் வாங்கும். நகரத்துக்குள்ளிருந்து நெபுலா எடுக்க அதைவிடப் பலமான ஆயுதம் கிடையாது, இது என் உறுதியான கருத்து. ஆனால் ஃபில்டர் சக்கரம், நாலைந்து ஃபில்டர், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி மணி நேரம். இன்று சிவப்பு எடுத்துவிட்டு நாளை நீலம் எடுக்கலாம் என்றால் நாளை மேகம். ஒரே இரவில் ஒரு படத்தை முடிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு வண்ணம்தான்.

செகண்ட் ஹேண்டில் 294, 183 சென்சார் கேமராக்கள் நல்ல விலைக்கு வரும். இரண்டிலும் நீண்ட எக்ஸ்போஷரில் ஓரத்திலிருந்து ஒரு வெளிச்சம் கசியும், ஆம்ப் க்ளோ என்பார்கள், டார்க் ஃப்ரேமைச் சரியாக எடுத்தால் கழிந்துவிடும். 533-இலும் 571-இலும் அந்தத் தொல்லையே கிடையாது. சிசிடி என்ற பழைய வகை சென்சார் உள்ள கேமராக்களை இப்போது வாங்க வேண்டாம். 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயிலும் ஸ்மித்தும் கண்டுபிடித்த அந்தச் சில்லு வானியலையே மாற்றியது, 2009-இல் அவர்களுக்கு நோபல் பரிசும் வாங்கித் தந்தது, எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ரீட் நாய்ஸ் அதிகம் என்பதால் ஒவ்வொரு ஃப்ரேமும் பத்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டும், நடுவில் ஒரு லாரி போனாலும் அந்தப் பத்து நிமிடம் வீண்.

அப்புறம் ஏற்காடு. இருபது ஹேர்பின் வளைவு ஏறினால் 1500 மீட்டர் உயரம், சேலத்தின் தூசி பாதி கீழே தங்கிவிடும். தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்ட வீட்டு முற்றத்தில்தான் நான் டெலஸ்கோப்பை வைப்பேன், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தெற்கு மட்டும் திறந்திருக்கும். அங்கே மின்சாரம் எட்டாது. டிஎஸ்எல்ஆர் தன் பேட்டரியிலேயே ஓடிவிடும், கூலிங் கேமரா அப்படி ஓடாது. 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் வரை இழுக்கும், வானத்தோடு டெலஸ்கோப்பைத் திருப்பும் மவுண்ட் ஒன்று, கண்ணாடியில் பனி படியாமல் சூடாக்கும் டியூ ஹீட்டர் ஒன்று, ஆக ஐந்து மணி நேரத்துக்கு 25 ஆம்பியர் மணி. கார் பேட்டரியில் இழுத்தால் காலையில் வண்டி கிளம்பாது. தனியாக ஒரு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்கும் செலவை கேமரா விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மலைப்பனி இன்னொன்று. போன பிப்ரவரியில் அங்கே எடுத்துக்கொண்டிருந்தபோது பன்னிரண்டு மணிக்கு மேல் ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் ஒரு வட்டம் விழ ஆரம்பித்தது. மெல்லிய மேகம் என்றுதான் நினைத்தேன், மேலே பார்த்தால் வானம் துல்லியமாக இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் டியூ ஷீல்டுக்குள் முன்கண்ணாடி முழுக்க முத்து முத்தாக நீர். ஒரு மணி நேரப் படம் போச்சு. சென்சாரின் கண்ணாடிக்கும் இதே கதிதான், குளிர்வித்த சென்சாருக்கு முன்னால் ஈரக் காற்று படும்போது நடுவில் ஒரு மங்கல் வட்டம் விழும். கேமரா கண்ணாடியைச் சூடாக்கும் வளையம் உள்ளே இருக்கிறதா, ஈரம் உறிஞ்சும் வில்லைகளை நாமே மாற்ற முடியுமா என்று வாங்குமுன் கேளுங்கள். மழைக்காலம் முழுக்க அலமாரியில் கிடக்கப்போகும் பொருள் அது.

இன்னொரு விஷயம், ஏற்காட்டுக்குத் தெற்கேதான் சேலம் இருக்கிறது. லேடீஸ் சீட்டில் நின்று இரவில் அந்த வெளிச்சக் கடலைப் பார்த்து ரசிக்காதவர்கள் கிடையாது, ஆனால் ஒமேகா சென்டாரி 31 டிகிரியிலும் கரீனா 18 டிகிரியிலும் அதற்கு மேலேதான் நிற்கின்றன. கரீனா வாயுவின் வெளிச்சம், இரட்டைப் பட்டை ஃபில்டர் அதைக் காப்பாற்றிவிடும். ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கூட்டம், எல்லா நிறத்திலும் ஒளிரும், ஃபில்டர் அங்கே உதவாது, நிறையக் குட்டி ஃப்ரேம்களாக எடுத்து அடுக்க வேண்டும். 

கேமராவே வாங்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். வீட்டில் பழைய டிஎஸ்எல்ஆர் இருந்தால், அதன் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் ஹைட்ரஜன் ஆல்பாவில் பெரும்பகுதியைத் தடுக்கும், அதைக் கழற்றி மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மலைக்குப் போய் எடுப்பவர்களுக்கு அது போதும். சென்சாரும் ஏபிஎஸ்-சி அளவு, செலவும் சொற்பம். மார்ச் வந்தபின் சேலத்து மாடியில் அது படும் பாட்டைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

தம்பி, உனக்கு 533 வண்ணம், கூலிங்கோடு. கடன் வேண்டாம். 571-க்காகச் சேர்க்க நினைத்த மீதியில் ஒன்றேகால் அங்குல இரட்டைப் பட்டை ஃபில்டர் ஒன்றும் பேட்டரியும் வாங்கிவிடு. பெட்டி வந்த அன்றைக்கே வானத்துக்குத் திருப்பாதே. மூடியைப் போட்டபடி சுழியம் டிகிரி, கெய்ன் 100, இரண்டு நிமிடத்தில் முப்பது டார்க் ஃப்ரேம் எடுத்து வைத்துக்கொண்டு வா. தை அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கெல்லாம் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே முற்றத்தில் மவுண்டை நிறுத்திவிடலாம், ரோசெட்டிலிருந்து ஆரம்பிப்போம்.